டீச்சரிடம் கேளுங்கள்: கேட்டியைப் பற்றி ஒரு கேள்வி

போன இதழில் 'அடலசன்ஸ்' தொடரைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதை ஒட்டியே இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிரிட்டிஷ் தொடர் அது. நான்கே எபிசோடுகள். கூடப் படிக்கும் கேட்டி என்ற பெண்ணைக் கத்தியால் குத்திக் கொன்றதாக, ஜேமி என்ற 13 வயதுப் பையனை விடியற்காலையில் வீட்டுக் கதவை உடைத்துப் போலீஸ் பிடித்துப் போகிறது. அதன் பிறகு 13 மாதங்களில் நடப்பதுதான் கதை. முடிவு முன்பே தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

என் மகனுக்கும் 13 வயதுதான். முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அவனும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எந்நேரமும் போனும் கையுமாகத்தான் இருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் அந்தப் போனை எடுத்துப் பார்க்கலாமா டீச்சர்?
— ஒரு தாய்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறதம்மா. 13 வயதில் கதவைச் சாத்திக்கொள்ளாத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. சாத்திய கதவுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் வெறும் கூச்சம்தான் இருக்கிறது. முதலில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் விஷயத்துக்கு இரண்டாவது எபிசோடிலேயே பதில் இருக்கிறது. விசாரணை அதிகாரி பாஸ்கோம்பின் கையில் ஜேமியின் இன்ஸ்டாகிராம் முழுவதும் இருக்கிறது. கேட்டி அதில் போட்டிருந்த எமோஜிகளைப் பார்த்து, இரண்டு பேரும் நட்பாக இருந்தார்கள் என்றே அவர் முடிவு செய்கிறார். அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன் ஆடம்தான் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை" என்று விளக்குகிறான். அப்பா எல்லோர் முன்னாலும் தப்பும் தவறுமாகப் பேசிக்கொண்டிருப்பதை அவனால் தாங்க முடியவில்லை. அந்தக் காட்சியை நான் மூன்று தடவை பார்த்தேன். இவ்வளவு வசதி உள்ள போலீஸ் அதிகாரிக்கே படிக்கத் தெரியாததை, மகன் தூங்கும்போது போனைத் திறந்து நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்? படித்துச் சொல்ல அவனே வேண்டும். திருட்டுத்தனமாகப் பார்த்தது தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு அவன் எதையும் சொல்ல மாட்டான்.

அதனால், "இதுக்கு என்னடா அர்த்தம்?" என்று அவனிடமே கேளுங்கள். எதிரில் உட்கார்ந்து கேட்காதீர்கள். பள்ளியில் கவுன்சலராகச் சேர்ந்த புதிதில் மேஜைக்கு அந்தப் பக்கம் பையன், இந்தப் பக்கம் நான் என்று உட்காருவேன். ஒருவனும் வாய் திறக்க மாட்டான். ஒரு மழைநாளில் ஜன்னலைச் சாத்தப் போனவள் அங்கேயே ஒரு பையன் பக்கத்தில் நின்றுவிட்டேன். மழையைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் பேசினான். மறுநாளே என் நாற்காலியை ஜன்னலோரமாக மாற்றிப் போட்டேன். துணி மடிக்கும்போது, வண்டியில் போகும்போது, ஒன்றாக நடக்கும்போது பையன்கள் பேசுவார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இருந்த நண்பர்களையெல்லாம் திடீரென்று விட்டுவிடுவது, பையில் கூரான எதையாவது வைத்துக்கொண்டு திரிவது, ஒரே பெண்ணைப் பற்றி ஓயாமல் கேவலமாகப் பேசுவது இவற்றில் எதைப் பார்த்தாலும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகள் மனநலம் பார்க்கும் மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

'இன்செல்' என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்? அந்த எமோஜிகளில் அப்படி என்னதான் இருந்தது?
— ஒரு தந்தை

துணை வேண்டும் என்று விரும்பியும் கிடைக்காதவர் என்பதுதான் 'இன்செல்' என்ற சொல்லுக்கு அர்த்தம். 1990-களில் கனடாவில் ஒரு பெண், தனிமையில் வாடும் ஆண்களும் பெண்களும் பேசிக்கொள்ள இணையத்தில் ஓர் இடம் வைத்தார். அங்கே பிறந்த சொல் இது. ஆறுதலுக்காக வந்த சொல் பிறகு பெண்களைத் திட்டுகிறவர்களின் கைக்குப் போய்விட்டது. நூற்றுக்கு எண்பது பெண்களுக்கு நூற்றில் இருபது ஆண்களை மட்டும்தான் பிடிக்கும், நமக்கு ஒன்றும் மிஞ்சாது என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த 'உண்மை' தெரிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் சிவப்பு மாத்திரை. தொடரில் கேட்டி போட்ட எமோஜிகள் ஜேமியை அந்தக் கூட்டத்தில் சேர்த்துக் கிண்டல் செய்கின்றன. நீயும் அப்படிப்பட்டவன்தான், உனக்கு யாரும் கிடைக்கப் போவதில்லை என்பதே அவற்றின் பொருள்.

13 வயதுப் பையனிடம் இதைச் சொன்னால் அவன் எங்கே போவான் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தக் கணக்கை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் கேட்டி இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இந்தச் சொற்கள் எல்லாம் வருவதற்கு முன்பே என் அறையில் ஒரு சொல் புழங்கியது. "எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான் டீச்சர்." அந்த 'எல்லா' வந்ததும் நான் நிமிர்ந்து உட்காருவேன். "யாரு? ஒரு பேரைச் சொல்லு" என்பேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்டிப்பாக ஒரு பெயர் வரும். அதன் பின்னால் ஒரு சம்பவம் வரும். வரிசையில் நிற்கும்போது சிரித்தாள், கொடுத்த கடிதத்தைத் தோழியிடம் காட்டினாள், அவ்வளவுதான் இருக்கும். அந்த ஒரு காயத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைத்துவிட்டால் 'எல்லா' கரைந்துவிடும். ஆள் கிடைக்காதபோதுதான் போனில் யாராவது கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

ஒவ்வொரு எபிசோடும் ஒரே ஷாட் என்கிறார்களே, நிஜமா?
— ஒரு கல்லூரி மாணவர்

நிஜம்தான் தம்பி. நடுவில் வெட்டே கிடையாது. ஒவ்வொரு எபிசோடையும் முழுசாகத் திரும்பத் திரும்ப எடுத்து, அதில் முதல் எபிசோடுக்கு இரண்டாவது டேக்கையும் கடைசி எபிசோடுக்குப் பதினாறாவது டேக்கையும் வைத்திருக்கிறார்கள். இயக்கம் ஃபிலிப் பாரன்டினி, ஒளிப்பதிவு மாத்யூ லூயிஸ். இது வெறும் வித்தை இல்லை என்பது முதல் எபிசோடில் தெரியும். கைரேகை எடுக்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், காத்திருக்கச் சொல்கிறார்கள். வெட்டு இருந்தால் இதெல்லாம் போய்விடும். ஒரு குற்றத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம் இப்படி எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பது அந்த ஒரு மணி நேரத்தில் நமக்கும் உறைக்கிறது. ஜேமியாக வரும் ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு. அதிலும் அவன் முதலில் நடித்தது மூன்றாவது எபிசோடில். 2025 செப்டம்பரில், 15 வயதில் எம்மி விருது வாங்கினான். நடிப்புக்காக அந்த விருதை வாங்கிய ஆண்களில் அவன்தான் மிக இளையவன்.

நான் உளவியல் படிக்கிறேன். மூன்றாவது எபிசோடில் வரும் ஆலோசகர் மாதிரிதான் நிஜத்திலும் பேசுவார்களா மேடம்?
— ஒரு மாணவி

பிரையனி என்ற அந்த உளவியலாளர் அங்கே சிகிச்சை கொடுக்க வரவில்லை. வழக்கு விசாரணைக்கு முன்னால், அந்தப் பையன் நடந்ததை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறான் என்று அறிக்கை எழுத வந்திருக்கிறார். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார். அவரிடம் ஒரு பரிவு இருக்கிறது, கூடவே வேலையும் இருக்கிறது. பையனுக்குப் பரிவு மட்டும்தான் தெரிகிறது. அதனால்தான் கடைசியில், "உங்களுக்கு என்னைப் பிடிக்குமா?" என்று அப்படிக் கத்துகிறான்.

வந்ததும் சாக்லேட் பானம் கொடுக்கிறார், தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுக்கிறார். எடுத்த எடுப்பில் கத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. உன் அப்பா எப்படிப்பட்டவர், தாத்தா எப்படி, ஆம்பளை என்றால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கிறார். அது சரியான வழி. செய்ததைப் பற்றிக் கேட்டால் பிள்ளை தயார் செய்து வைத்த பதிலைச் சொல்வான். அப்பாவைப் பற்றிக் கேட்டால் அவனிடம் தயாராக எதுவும் இருக்காது. அப்பா தன்னை ஃபுட்பால் விளையாடக் கூட்டிப்போனதையும், தான் சரியாக ஆடாதபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் ஜேமி சொல்லும் இடத்தில் நான் நிறுத்திவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்தேன். அந்தத் திருப்பிய முகத்தை வெவ்வேறு பையன்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அவன் எழுந்து நின்று கத்தும்போது அவர் காவலரைப் போகச் சொல்லி சைகை காட்டுகிறார், பார்த்தாயா? பயமில்லாமல் இல்லை. நடுக்கத்தை அவனுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கிறார். அவனை இழுத்துப்போன பிறகு அறையில் தனியாக நிற்கிறார். அவன் கடித்து வைத்த அந்த சாண்ட்விச்சை விரலால் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுக்கிறார். படிப்பில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். ஒரு பிள்ளை எழுந்து போன பிறகு பத்து நிமிடம் அந்த அறையில் தனியாக இருக்க உனக்கு நேரம் வேண்டும். அடுத்த பிள்ளையை உடனே உள்ளே கூப்பிடாதே. நான் பல வருடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதல் பிள்ளையின் கோபத்தை இரண்டாவது பிள்ளையிடம் காட்டியிருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது.

இப்படிப்பட்ட தொடர்களே பிள்ளைகளுக்கு வன்முறையைக் கற்றுக்கொடுக்கின்றன என்பது என் கருத்து. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசியில் கடுமையான தண்டனையையும் காட்ட வேண்டும் அல்லவா?
— ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. தண்டனையைக் காட்டினால் போதும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1965-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒருவர் ஒரு பொம்மையை அடிக்கும் படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். சில பிள்ளைகள் பார்த்த படத்தில் அடித்தவருக்குப் பரிசு, சிலர் பார்த்ததில் தண்டனை, சிலர் பார்த்ததில் ஒன்றுமே இல்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் மற்றவர்களை விடக் குறைவாகத்தான் பொம்மையை அடித்தார்கள். நீங்கள் சொல்வதுதான் சரி என்று இதுவரை தோன்றும். அப்புறம், "அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு தருகிறேன்" என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னார்கள். மூன்று கூட்டத்துப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டினார்கள். அதாவது, தண்டனையைப் பார்த்த பிள்ளையும் அடிக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டுதான் இருந்தான். வெளியே காட்டாமல் வைத்திருந்தான்.

அதனால் முடிவை விட, அந்த அடியை எப்படிக் காட்டுகிறார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். அடிக்கிறவனுக்கு இசை போடுகிறார்களா, மெதுவாக நடக்க வைக்கிறார்களா, அவன் முகத்தை அழகாக்குகிறார்களா? 'அடலசன்ஸ்' தொடரில் கொலை ஒரே ஒரு தடவை, தூரத்துக் கண்காணிப்புக் கேமரா பதிவாக விசாரணை அறையில் வருகிறது. கேமரா அந்தப் படத்தைக் காட்டுவதை விட, அதைப் பார்க்கும் அப்பாவைத்தான் அதிகம் காட்டுகிறது. அதில் செய்து பார்க்க ஆசைப்படும்படி ஒன்றும் இல்லை. 2017-ல் வந்த 'தேர்ட்டீன் ரீசன்ஸ் வை' என்ற அமெரிக்கத் தொடரில், ஒரு மாணவி தன் உயிரை மாய்த்துக்கொள்வதை முழுக்கக் காட்டியிருந்தார்கள். மருத்துவர்கள் எதிர்த்தார்கள். 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் அந்தக் காட்சியை நீக்கியது. இரண்டு வருடத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது என்பது எனக்கு இன்னும் கோபம்தான். நல்ல நோக்கத்தோடு எடுத்தோம் என்பது அதற்குப் பதிலாகாது.

'ஜுவனைல் ஜஸ்டிஸ்' என்ற கொரியத் தொடரில், குற்றம் செய்யும் சிறுவர்களை வெறுக்கிறேன் என்று நீதிபதியே சொல்கிறார். அது சரியா?
— ஒரு வாசகர்

2022-ல் வந்த தொடர் அது, பத்து எபிசோடுகள். கிம் ஹே-சூ அந்த நீதிபதியாக வருகிறார். தென் கொரியாவில் 14 வயது ஆகாதவர்களுக்குக் குற்றவியல் தண்டனை கிடையாது. 10 வயதுக்கு மேல் என்றால் குடும்ப நீதிமன்றம் பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கலாம். அதில் மிகக் கடுமையானதே சிறார் காப்பு நிலையத்தில் அதிகபட்சம் 2 வருடம்தான். இது தெரிந்தே குற்றம் செய்கிற பிள்ளைகளும் அந்தக் கதையில் உண்டு. இங்கிலாந்தில் 10 வயதிலேயே குற்றப் பொறுப்பு தொடங்கிவிடுகிறது. ஜேமியைக் கைது செய்ய முடிந்தது அதனால்தான். கூட ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும் என்ற விதி அவனைக் காக்கிறது. அந்தப் பெரியவராக அவன் அப்பாவைத்தான் கேட்கிறான்.

அந்த நீதிபதியின் வெறுப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆயிற்று என்று அவர் விடாமல் கேட்கிறாரே, அதை ஏற்கிறேன். தன் வேலையை அவர் வெறுப்பால் செய்யவில்லை என்பது போகப் போகத் தெரியும். முழுதும் பாருங்கள்.

'அடலசன்ஸ்' உண்மைக் கதையா?
— பலர் கேட்டது

இல்லை. பையன்கள் பெண் பிள்ளைகளைக் குத்திய செய்திகள் அடுத்தடுத்து வந்ததைப் பார்த்து மனம் கலங்கித் தொடங்கியதாக, அப்பா வேடத்தில் நடித்த ஸ்டீஃபன் கிரஹாம் சொல்லியிருக்கிறார். ஜாக் தோர்னோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான். பிரிட்டிஷ் பிரதமர் கியர் ஸ்டார்மரே நாடாளுமன்றத்தில் வாய்தவறி இதை ஆவணப்படம் என்று சொல்லிவிட்டார். அங்கே மேல்நிலைப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கலாம். பெரிய ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து ஓடவிட்டால் மட்டும் பயன் இருக்காது. ஒரே ஒரு வகுப்பாக உட்காரவைத்து, நடுநடுவே நிறுத்திப் பேச வேண்டும்.

எனக்கு 15 வயது. எங்க வகுப்புப் பசங்க எல்லாரும் "கேட்டிதான் முதல்ல கிண்டல் பண்ணா, அவமேலதான் தப்பு"ன்னு சொல்றாங்க. எனக்குக் கோபமா வருது, ஆனா என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. கேட்டி நல்லவளா கெட்டவளா டீச்சர்?
— ஒரு மாணவி

கண்ணு, இந்த மாதம் வந்த கடிதங்களில் கேட்டியைப் பற்றிக் கேட்டது உன்னுடையது ஒன்றுதான். எல்லாக் கடிதங்களையும் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் யார் ஆரம்பித்தது என்பதற்கு மூன்றாவது எபிசோடில் ஜேமியின் வாயாலேயே பதில் வருகிறது. கேட்டி ஒரு பையனை நம்பி அனுப்பிய அந்தரங்கப் படத்தை அவன் பரப்பிவிடுகிறான். பள்ளியே பார்க்கிறது. அவள் அப்படி நொந்துபோயிருக்கும் சமயத்தில் கேட்டால் மறுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டுத்தான் ஜேமி அவளை வெளியே கூப்பிடுகிறான். அவள் மறுக்கிறாள். எமோஜிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. கொலை நடந்த இரவைப் பற்றிப் பேசும்போது, மற்ற பையன்களாக இருந்தால் அவளைத் தொட்டிருப்பார்கள், நான் தொடவில்லை என்கிறான். அதைத் தன் நல்ல குணமாக நினைத்துச் சொல்கிறான். உன் வகுப்புப் பையன்களுக்கு அந்த இடத்தை நினைவுபடுத்து.

கேட்டி நல்லவளா என்று எனக்கும் தெரியாது. கிண்டல் செய்தது அவனை வலிக்கச் செய்திருக்கும். அந்த வலி பொய்யில்லை. ஆனால் அவள் நல்லவளாக இருந்தால்தான் அவளுக்காக அழலாம் என்று யார் சொன்னது? தொடரே அவளைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லவில்லை. இரண்டாவது எபிசோடில் பெண் போலீஸ் அதிகாரி ஃபிராங்க் இதைத்தான் ஆற்றாமையோடு சொல்கிறார். ஜேமியின் மனதைப் பற்றியேதான் எல்லோரும் பேசப்போகிறார்கள், அவனைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள், கேட்டியை மறந்துவிடுவார்கள் என்கிறார். அந்த எபிசோடின் கடைசியில் கேமரா பள்ளிக்கு மேலே பறந்து, அவள் இறந்த இடத்துக்குப் போகிறது அல்லவா? அப்போது கேட்கும் பாட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒலிப்பது கேட்டியாக நடித்த பெண்ணின் குரல். தொடர் அவளுக்குக் கொடுத்தது ஏறக்குறைய அந்தக் குரல் மட்டும்தான்.

இதை நான் குற்றமாகச் சொல்ல முடியாது. நானே அதைச் செய்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கூடப் படிக்கும் பெண்ணை மாடிப்படியில் தள்ளிவிட்டான். அவளுக்குக் கை முறிந்தது, தாடையில் தையல் போட்டார்கள். அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் அவன் பேச்சுதான். அவன் அப்பா குடிப்பாரா, வீட்டில் அடிப்பார்களா, எந்த வகுப்பிலிருந்து இப்படி ஆனான்? நான் அவன் வீட்டுக்கு மூன்று தடவை போனேன். அவன் நோட்டுகளையெல்லாம் வாங்கிப் படித்தேன். அவனுக்கு அது தேவையும்தான்.

பதினெட்டாவது நாள்தான் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் ஏன் தள்ளினான் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளிடம் விளக்க ஆரம்பித்தேன். அதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். பாதியில், "டீச்சர், என் இடத்துல இப்ப யாரு உக்காருறா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அந்த வகுப்புக்கு வாரத்துக்கு நான்கு தடவை போய்க்கொண்டிருந்தவள் நான்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். இடம் காலியாகத்தான் இருந்தது. பக்கத்தில் உட்காரும் பெண் தன் பையை அங்கே வைத்திருந்தாள். அந்த இடத்தில் யாரையும் உட்காரவிடாமல் பதினெட்டு நாளாக வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடமும் அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றதும் அழுதுவிட்டாள்.

தொடரில் கேட்டிக்கும் அப்படி ஒரு தோழி உண்டு. பள்ளி மைதானத்தில் ஆத்திரம் தாங்காமல் ஜேமியின் நண்பனைப் போட்டு அடிப்பாளே, அவள்தான். கேட்டியைத் தவிர எனக்கு வேறு யாரும் இல்லை என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போவாள். அதோடு கதை அவளை விட்டுவிடும். நாளைக்கு வகுப்பில் திரும்ப இந்தப் பேச்சு வந்தால், அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டுப் பார். ஜேமியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். இவள் பெயர் ஜேட். எத்தனை பேர் சொன்னார்கள் என்று எனக்கு எழுது.